தாய்மாமன் இல்லாத குழந்தைகள்

காதுகுத்துக்கு நாள் பார்த்தாயிற்று. குலதெய்வக் கோயிலில் சொல்லியாயிற்று, பத்திரிகையும் அச்சுக்குப் போய்விட்டது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: குழந்தையை யார் மடியில் உட்கார வைப்பது? தாய்மாமன் மடிதான் வழக்கம். ஆனால் குழந்தையின் அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. இந்தச் சங்கடம் முன்பு எங்கோ ஒரு வீட்டில் எழுந்தது. இன்று தமிழ்நாட்டின் பல வீடுகளில் எழுகிறது. ஒன்றுவிட்ட மாமனைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவரும் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் அந்த இடத்தில் உட்காருகிறார்.

உறவுகள் ஏன் இப்படி அருகிவிட்டன என்று கேட்டால் பலரும் சொல்லும் காரணங்கள் தெரிந்தவைதான்: பட்டணத்துக்குப் போய்விட்டோம், போக்குவரத்து விட்டுப்போயிற்று, யாருக்கும் நேரமில்லை, பாசம் குறைந்துவிட்டது. பாசத்தின் மீது பழி போடுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தாத்தா வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள் என்றால் நம் வீட்டில் இரண்டு. பாதிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் உறவுக் கூட்டம் பாதியாக நிற்கவில்லை. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இது எப்படி நடந்தது?

ஐந்து பிள்ளைக் கணக்கும் இரண்டு பிள்ளைக் கணக்கும்

எல்லா வீட்டிலும் சரியாக ஐந்து பிள்ளைகள், எல்லாரும் பிழைத்து வளர்கிறார்கள், எல்லாரும் கல்யாணம் செய்து தலைக்கு ஐந்து பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு உடன்பிறந்தவர்கள் 4 பேர். அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் 4, அம்மாவுக்கு 4. ஆகப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி என்று 8 பேர். அந்த 8 பேருக்கும் தலைக்கு ஐந்து பிள்ளைகள் என்றால், பெரியப்பா பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளுமாக 40 பேர்.

இனி எல்லா வீட்டிலும் இரண்டே பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு வருவோம். உடன்பிறப்பு 1. அப்பா பக்கம் ஒருவர், அம்மா பக்கம் ஒருவர், ஆக 2. அவர்களுக்குத் தலைக்கு இரண்டு பிள்ளைகள், ஆக 4.

பிள்ளைகள் 5லிருந்து 2க்கு இறங்கியபோது, இந்த உறவு வளையம் 40லிருந்து 4க்கு இறங்கிவிட்டது. காரணம், அந்த வளையத்தைத் தீர்மானிப்பவை இரண்டு தலைமுறையின் பிறப்புகள். தாத்தா எத்தனை பெற்றார் என்பது ஒன்று, சித்தப்பாவும் அத்தையும் எத்தனை பெற்றார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. குறையும்போதும் பெருக்கலாகவே குறைகின்றன. வீட்டுக்கு ஒன்று என்ற நிலை இரண்டு தலைமுறை தொடர்ந்தால் விடை பூஜ்யம். சீனாவின் நகரங்களில் ஒற்றைக் குழந்தைக் கொள்கையின் கீழ் பிறந்தவர்கள் பெற்றோரானபோது, அத்தையோ மாமனோ இல்லாத குழந்தைகள் பெருகியது இதனால்தான்.

இத்தகைய கணக்கைச் செய்யும் துறையை உறவு மக்களியல் என்று அழைக்கலாம். மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒருவருக்கு எந்த வயதில் எத்தனை உறவினர் உயிரோடு இருப்பார்கள் என்று மதிப்பிடுவது அதன் வேலை. 1974இல் குட்மன், கீஃபிட்ஸ், புல்லம் என்ற மூவர் பிறப்பு, இறப்பு விகிதங்களிலிருந்து பாட்டி முதல் பேத்தி வரை எல்லா உறவையும் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். அன்று அது கணிதப் பயிற்சியாகவே பார்க்கப்பட்டது. இன்று முதியோர் பராமரிப்பைத் திட்டமிடுகிறவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

நான்கு பக்கமும் ஆள் வேண்டும்

ஆங்கிலேயருக்கு அப்பாவின் தம்பியும் அம்மாவின் தம்பியும் ஒரே வகை உறவு. நமக்கு அப்படியல்ல. அப்பாவின் சகோதரன் பங்காளி, அம்மாவின் சகோதரன் தாய்மாமன். இருவருக்கும் உரிமையும் வேறு, கடமையும் வேறு. ஒரு தமிழ்க் குழந்தைக்கு உறவு நிறைவாக இருக்க வேண்டுமானால் நான்கு பக்கமும் ஆள் வேண்டும்: பெரியப்பா அல்லது சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா அல்லது சித்தி.

ஆணும் பெண்ணும் சம வாய்ப்பில் பிறப்பதாகக் கொண்டு கணக்கைத் தொடர்வோம். இரண்டு பிள்ளை ஊரில் அம்மாவுக்கு ஒரே உடன்பிறப்பு. அது ஆணாக இருந்தால் தாய்மாமன் உண்டு, சித்தி இல்லை. பெண்ணாக இருந்தால் சித்தி உண்டு, மாமன் இல்லை. ஆகவே சரிபாதிக் குழந்தைகளுக்குத் தாய்மாமன் கிடையாது. நான்கு வகை உறவும் கொண்ட குழந்தை அந்த ஊரில் ஒன்றுகூட இருக்க முடியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் இரண்டு மட்டுமே வாய்க்கும்.

மூன்று பிள்ளை ஊரில் நாலில் ஒரு குழந்தைக்கு நான்கும் கிடைக்கும். ஐந்து பிள்ளை ஊரில் நூற்றுக்கு 77 குழந்தைகளுக்கு நான்கும் இருக்கும். தாய்மாமன் இல்லாதவர்கள் அங்கே பதினாறில் ஒருவர்தான்.

இந்த எண்களை எழுதிப் பார்க்கும்வரை எனக்கும் விஷயத்தின் முழு அளவு உறைக்கவில்லை. ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று சுவரில் எழுதியபோது நாம் ஒரு வீட்டின் பிள்ளைகளை மட்டும் எண்ணினோம். பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு மாமனும் அத்தையும் கிடைப்பார்களா என்பதை யாரும் எண்ணவில்லை.

மாமன் ஒருவர் அல்லர்

நம் உறவுமுறையில் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. 1871இல் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலகின் உறவுமுறைகளை ஒப்பிட்டு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தென்னிந்தியாவில் பணியாற்றிய மிஷனரிகள் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்களின் பட்டியல் அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் நேரில் அறிந்த செனகா பழங்குடியினரின் முறைக்கும் அதற்கும் இருந்த ஒற்றுமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டிலும் உறவுப் பெயர் ஒரு தனி ஆளோடு நிற்பதில்லை, ஒரு வகுப்பு முழுவதையும் குறிக்கிறது. அம்மாவின் சித்தப்பா மகனும் அம்மாவுக்கு அண்ணன் தம்பிதான். ஆகவே அவரும் குழந்தைக்கு மாமன்தான்.

மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்களிடையே 1949–50இல் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துமோன் இன்னொன்றைக் கவனித்தார். தாய்மாமன் முதலில் அப்பாவின் மைத்துனர். ஒரு கல்யாணத்தில் இரண்டு வீடுகளுக்கு இடையே உண்டான சம்பந்தம் அடுத்த தலைமுறைக்கும் சொத்தைப்போல இறங்குகிறது. மாமன் சீர் கொண்டுவருவதும் மடியில் உட்கார வைப்பதும் அந்தச் சம்பந்தம் உயிரோடு இருக்கிறது என்பதன் அடையாளம். மாமன் இல்லாவிட்டால் ஒரு ஆள் மட்டும் குறைவதில்லை, இரண்டு வீடுகளை இணைக்கும் ஒரு பாதை அடைபடுகிறது.

ஒன்றுவிட்ட மாமன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஐந்து பிள்ளை ஊரில் அம்மாவுக்கு அண்ணன் தம்பி முறை ஆகிற பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி வீட்டு ஆண்கள் சராசரி 10 பேர். இரண்டு பிள்ளை ஊரில் ஒருவர். மாற்று ஏற்பாடும் அதே பெருக்கலில் மாட்டிக்கொள்கிறது.

முறைப்பெண் கிடைக்காத காலம்

அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் வலுவாகவே இருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே திருமணமான பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் இரத்த உறவில் மணந்தவர்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே.

மரபியலாளர்கள் இதை நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தையிடம், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுப் பிரதி இரு பக்கமாகவும் வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று. இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள் இத்தகைய குடும்பங்களில் கூடுதலாகத் தென்படுவது இதனால்தான். எச்சரிக்கை மெல்ல வேலை செய்கிறது. ஆனால் அதைவிட வேகமாக வேலை செய்யப்போவது மேலே போட்ட கணக்கு.

இரண்டு பிள்ளை ஊரில் ஒரு பெண்ணுக்கு முறைப்பையன் வேண்டுமானால், அம்மாவின் உடன்பிறப்பு ஆணாக இருந்து அவருக்கு மகன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் உடன்பிறப்பு பெண்ணாக இருந்து அவளுக்கு மகன் இருக்க வேண்டும். கணக்கிட்டால் நூற்றுக்கு 39 பெண்களுக்கு எந்த வயதிலும் ஒரு முறைப்பையன்கூட இருக்கமாட்டான். இருப்பவனும் தம்பி வயதாக இருக்கலாம், வேறொருத்தியை விரும்பலாம், அமெரிக்காவில் குடியேறியிருக்கலாம்.

தாய்மாமன் மணம் இன்னும் நுட்பமான ஒரு வழியில் மறைகிறது. எட்டுப் பிள்ளை பெற்ற தாய்க்கு மூத்த மகளும் கடைசி மகனும் பதினைந்து, இருபது வயது இடைவெளியில் இருப்பார்கள். மூத்தவளின் குழந்தையும் அவளுடைய கடைசித் தம்பியும் ஏறக்குறைய ஒன்றாக வளர்வார்கள். அப்போது மாமனுக்கும் மருமகளுக்கும் சில வயதே வித்தியாசம். அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வயது இடைவெளி மட்டும் உள்ள வீட்டில், மருமகள் பிறக்கும்போதே மாமனுக்கு இருபதுக்கு மேல் ஆகியிருக்கும். யாரும் தடுக்காமலே அந்த வழக்கம் நடக்க முடியாததாகிவிடுகிறது.

அந்தப் பெருங்கூட்டம் எவ்வளவு பழையது

இங்கே ஒரு நம்பிக்கையைக் கேள்வி கேட்டாக வேண்டும். ஆதிகாலம் தொட்டு நாம் பெரிய சுற்றம் சூழ வாழ்ந்தோம், இந்தத் தலைமுறைதான் அதைத் தொலைத்தது என்று பலரும் நினைக்கிறோம். மக்கள்தொகை வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1911இல் இன்றைய இந்திய எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 25.2 கோடி. 1921இல் 25.1 கோடி. பத்தாண்டில் மக்கள்தொகை கூடாமல் சற்றுக் குறைந்தது. 1918இன் இன்ஃபுளுவென்சா அதில் பெரும்பங்கு வகித்தது. அந்தப் பத்தாண்டில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் 20 வயதை ஒட்டியே இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். பெண்கள் ஐந்தும் ஆறும் பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் மக்கள்தொகை வளரவில்லை என்றால், ஒரு தம்பதிக்குப் பிழைத்து வளர்ந்து தாங்களும் பெற்றோரானவர்கள் சராசரியாக இருவர்தான். பெற்றது ஏழு, தக்கியது இரண்டு என்று கொள்ளுப்பாட்டிகள் சொன்னது ஒரு வீட்டின் துயரம் மட்டுமல்ல, நாட்டின் சராசரியும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

ஆகவே 1900ஐ ஒட்டி வாழ்ந்த ஒரு தமிழ்க் குழந்தைக்கு உயிரோடிருந்த மாமன்களும் அத்தைகளும் இன்றைய குழந்தைக்கு இருப்பதைவிட மிக அதிகம் என்று சொல்ல முடியாது. தாத்தா பாட்டியைப் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. சமூகவியலாளர் ஏ.எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில், பெரிய கூட்டுக் குடும்பமே இந்தியாவில் எங்கும் இருந்தது என்ற கருத்தைப் பழைய குடிக்கணக்குகளைக் கொண்டு மறுத்தார். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டுமானால் முதலில் மூன்று தலைமுறையும் உயிரோடு இருக்க வேண்டும்.

பெருங்கூட்டம் வந்தது அதற்குப் பிறகு. அம்மைத் தடுப்பு, மலேரியா ஒழிப்பு, பென்சிலின், பஞ்சம் விலகியது எல்லாம் சேர்ந்து சாவைக் குறைத்தன. பிறப்பு உடனே குறையவில்லை. சாவு இறங்கி, பிறப்பு இறங்காத அந்த இடைவெளியில் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். 1951இல் 36.1 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1981இல் 68.3 கோடியானது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வீடு நிறையப் பிள்ளைகள், கல்யாணப் பந்தலில் மாமன் வரிசையே ஒரு பந்தி என்று நாம் நினைத்து ஏங்கும் காலம் அந்த இடைவெளியில்தான் இருந்தது. இன்று ஐம்பதிலிருந்து எழுபது வயதுக்குள் இருப்பவர்களே தமிழக வரலாற்றில் மிக அதிக உறவினரோடு வளர்ந்தவர்கள் என்று துணிந்து சொல்வேன். அவர்கள் தங்கள் சிறுவயதை எல்லாக் காலத்துக்கும் பொதுவான அளவுகோலாக வைத்துப் பேரப்பிள்ளைகளை அளப்பது நியாயமில்லை.

பிறப்பு ஏன் இறங்கியது

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்கிறோம். தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் அது 4ஐ ஒட்டி இருந்தது. 2020இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. அதே காலத்தில், ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு மேல் இருந்தது 13ஆக இறங்கியது. பிழைக்கும் என்ற உறுதி வந்த பிறகுதான் குறைவாகப் பெறும் துணிவு வரும். பள்ளிக்கூடம் இன்னொரு காரணம். ஆஸ்திரேலிய மக்களியலாளர் ஜான் கால்டுவெல் சொன்ன விளக்கம் இங்கே பொருந்தும்: பிள்ளைகள் வயலில் உழைத்துப் பெற்றோருக்குத் தரும்வரை பிள்ளைகள் பெருகுவார்கள், பெற்றோர் பிள்ளைகளுக்குச் செலவழிக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை இறங்கும்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1983இல் டிம் டைசன், மிக் மூர் என்ற ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை. வடஇந்தியாவில் பெண்ணை முன்பின் தெரியாத ஊரில் கட்டிக்கொடுப்பார்கள். தெற்கில் அத்தை வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ போகிறாள், பிறந்த வீடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் தென்னிந்தியப் பெண்ணுக்கு வீட்டில் பேச்சுரிமை கூடுதல், வெளியே போய்வரும் சுதந்திரம் கூடுதல், பிறப்பும் சீக்கிரம் குறைந்தது என்பது அவர்கள் வாதம். இதை ஏற்றுக்கொண்டால் ஒரு விசித்திரமான முடிவுக்கு வருகிறோம். முறை உறவில் மணக்கும் வழக்கம் பெண்ணுக்குக் கொஞ்சம் பலம் தந்தது. அந்தப் பலம் பிள்ளைகளைக் குறைத்தது. பிள்ளைகள் குறைந்ததால் முறை உறவே கிடைக்காமல் போகிறது.

அகலம் குறைந்து உயரம் கூடிய குடும்பம்

ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மக்களியல் ஆய்வு நிறுவனத்தின் தியேகோ அல்புரெஸ்-குத்தியரெஸும் அவர் குழுவும் 2023 இறுதியில் உலக நாடுகள் அனைத்துக்கும் இந்தக் கணக்கைச் செய்து வெளியிட்டார்கள். 1950இல் 65 வயதுப் பெண்ணுக்கு உயிரோடிருந்த உறவினர் சராசரி 41. 2095இல் அதே வயதுப் பெண்ணுக்கு இருக்கப்போவது 25. இது உலகச் சராசரி. குறைவோர் பெரும்பாலும் பக்கவாட்டு உறவுகள், அதாவது ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைகளும் அவர்கள் பிள்ளைகளும். கூடுவோர் பாட்டிகளும் கொள்ளுப்பாட்டிகளும்.

கூடுவதையும் சொல்லியாக வேண்டும். இன்று பிறக்கும் குழந்தைக்கு இரு பக்கத் தாத்தா பாட்டி நால்வரும் உயிரோடு இருப்பது சாதாரணம். 1920இல் அது அபூர்வம். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 13.6 விழுக்காடு என்பது 2021க்கான மதிப்பீடு.

மழை பொய்த்த ஆண்டில் குடும்பங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பொருளியலாளர்கள் கேட்டபோது, குறைந்துவரும் அந்தப் பக்கவாட்டு உறவின் இன்னொரு முகம் தெரிந்தது. ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனம் இந்தியக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் திரட்டிய வருமான விவரங்களை மார்க் ரோசன்ஸ்வைக்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989இல் ஆராய்ந்தார்கள். பெண்களை வெவ்வேறு ஊர்களில் கட்டிக்கொடுத்த குடும்பங்கள், விளைச்சல் கெட்ட ஆண்டிலும் சாப்பாட்டைப் பெரிதாகக் குறைக்காமல் சமாளித்தன. ஒரு ஊரில் மழை இல்லாவிட்டால் சம்பந்தி ஊரில் பெய்திருக்கும். சம்பந்தம் ஒரு காப்பீடாக வேலை செய்தது. மருத்துவமனையில் இரவு தங்க ஒரு ஆள், சென்னையில் வேலை தேடும் பையனுக்கு ஒரு மாதம் படுக்க இடம், கந்துவட்டி இல்லாத கைமாற்று என்று நமக்குத் தெரிந்த எத்தனையோ உதவிகள் வந்த வழி இந்தப் பக்கவாட்டு உறவுதான்.

பத்து வீட்டுத் தெரு

1.4 என்ற கருவள விகிதம் அடுத்த தலைமுறைக்கு என்ன செய்யும்? பத்து வீடுகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஆறு வீட்டில் ஒரு பிள்ளை, நாலு வீட்டில் இரண்டு. மொத்தம் 14 பிள்ளைகள், சராசரி 1.4. வீடுகளைக் கேட்டால் நூற்றுக்கு நாற்பதில்தான் இரண்டு பிள்ளை. பிள்ளைகளைக் கேட்டால் 14 பேரில் 8 பேர், அதாவது பாதிக்கு மேல், எனக்கு உடன்பிறப்பு உண்டு என்பார்கள். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் வரும் வேறுபாடு இது. 1976இல் அமெரிக்க மக்களியலாளர் சாமுவேல் பிரஸ்டன் இதை விளக்கினார். நம் தாத்தா காலக் குடும்பங்கள் உண்மையில் இருந்ததைவிடப் பெரியவையாக நம் நினைவில் நிற்பதற்கும் இது ஒரு காரணம். பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து நினைவு சொல்ல யாரும் வருவதில்லை.

அந்த 14 பேரில் 7 பெண்கள் என்று கொண்டால், 4 பேருக்கு உடன்பிறப்பு, அதில் 2 பேருக்கு அண்ணனோ தம்பியோ. மற்ற 5 பேர் பெறும் குழந்தைகளுக்குத் தாய்மாமன் இல்லை. நூற்றுக்கு 71. அப்பா வழி, அம்மா வழி இரண்டும் சேர்த்து ஒன்றுவிட்ட உடன்பிறப்பு சராசரி 1.6. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர் இன்னொரு ஒற்றைப் பிள்ளையை மணந்தால், நான்கு முதியவர்களுக்கு அவர்கள் இருவர் மட்டுமே.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டை அடுப்பைக் கொண்டு அடையாளம் காண்கிறது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு. அடுத்த தெருவில் இருக்கும் மகளும், தினமும் எட்டிப்பார்க்கும் மைத்துனரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் இரண்டு முதியவர்களில், ஒருவருக்குக் கூப்பிட்ட குரலுக்கு மூன்று பேர் வருவார்கள், இன்னொருவருக்கு யாருமே இல்லை. இருவரும் படிவத்தில் ஒன்றுபோலவே பதிவாகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு தேடிப் போகிறார்கள். முன்பு மருமகனோ அத்தை மகளோ செய்த வேலையின் ஒரு பகுதியை இன்று அவர்கள் செய்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் பதிவேட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில், அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய உறவினர் எத்தனை பேர் என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். பூஜ்யம் என்று பதில் வரும் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்.